மேட்ச்: சொல்லும் சிவகாசித் திரியும்

'மேட்ச்' என்னும் ஆங்கிலச் சொல் தீக்குச்சி, விளையாட்டுப் போட்டி, பொருத்தம் ஆகிய பொருள்களில் வழங்குகிறது. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றே என்பதால் இவை ஒரே சொல்லின் கிளைகள் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இவை இரு வேறு வேர்களிலிருந்து வந்த இரண்டு சொற்களாகும்.

போட்டியையும் பொருத்தத்தையும் குறிப்பது பழைய ஆங்கிலச் சொல். இணை, துணை என்பது அதன் முதற்பொருள். சமமான இருவர் மோதுவதால் கிரிக்கெட் மேட்ச். புடவைக்கு இணையான நிறத்தில் ரவிக்கை அமைந்தால் மேட்சிங்.

தீக்குச்சியைக் குறிப்பதோ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கு அதன் பொருள் விளக்குத் திரி. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தபோதும் அதே பொருள்தான். பின்னர் பீரங்கியையும் துப்பாக்கியையும் பற்றவைக்கும், வெடியுப்பில் ஊறவைத்த கயிற்றுக்கு அப்பெயர் சென்றது. 1827இல் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரில் மருந்துக் கடை நடத்திய ஜான் வாக்கர், உரசினால் பற்றும் குச்சியை விற்கத் தொடங்கினார். அவர் அதை மேட்ச் என்று அழைக்கவில்லை. சில ஆண்டுகளில் மக்கள்தாம் திரியின் பெயரைக் குச்சிக்குச் சூட்டினர்.

தமிழிலும் இதுவே நடந்திருப்பது வியப்பு. வத்திக்குச்சி, வத்திப்பெட்டி என்னும் வழக்குகளில் உள்ள 'வத்தி', திரி எனப் பொருள்படும் 'வர்த்தி' என்னும் வடசொல்லின் திரிபு. ஊதுவத்தியிலும் மெழுகுவத்தியிலும் இருப்பது அதுவே.

1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அவர்களுக்குப் பின் சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் 'மேட்ச் ஒர்க்ஸ்' என்ற பெயர்ப்பலகைகள் பெருகின. பலகை என்ன சொன்னாலும், அங்கு வேலைக்குப் போவோருக்கு அது 'தீப்பெட்டி ஆபீஸ்'தான்! பட்டாசுத் தொழிற்சாலையும் அவ்வாறே 'பட்டாசு ஆபீஸ்' ஆயிற்று.

பட்டாசுத் தொழிலின் ஆங்கில நூல்களில் மட்டும் மேட்ச் இன்றும் பழைய பொருளிலேயே நிற்கிறது. மாணவர்கள் இடறுவது இங்கேதான். 'பிளாக் மேட்ச்' என்பது பருத்தி நூலில் கருமருந்து பூசி உலர்த்திய திரி. திறந்த வெளியில் அது நிதானமாக எரியும். அதே திரியைக் காகிதக் குழாய்க்குள் செலுத்தினால் 'குயிக் மேட்ச்'. குழாய்க்குள் அடைபடும் சூடான வாயு தீயை முன்னே தள்ளுவதால், ஒரு முனையில் வைத்த நெருப்பு கண் இமைக்கும் நேரத்தில் மறுமுனையை எட்டிவிடும். வானில் வெடிக்கும் பல குண்டுகளை ஒன்றாக இணைக்க இது பயன்படுகிறது.

பற்றவைத்தவர் விலகி ஓட முதல் வகை நேரம் தரும், இரண்டாவது தராது. எனவே பாதுகாப்புக் குறிப்புகளைத் தமிழாக்குவோர் 'குயிக் மேட்ச்' என்பதை 'விரைவுத் தீக்குச்சி' என்று எழுதிவிட்டால், அது வெறும் மொழிபெயர்ப்புப் பிழையாக நின்றுவிடாது. 'விரைவுத் திரி' என்பதே சரி.