ஒலிக்கருவிகளில் மின்தேக்கிப் பழுது

ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர் எதுவானாலும் மற்றப் பாகங்களை முந்திக்கொண்டு கெடுவது பெரும்பாலும் மின்தேக்கிதான். மெக்கானிக் கடையில் இதைக் கண்டன்சர் என்பார்கள். மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்துத் தேவைப்படும்போது கொடுப்பது இதன் ஒரு வேலை. நேர்மின்னோட்டத்தை மறித்து, ஒலியைச் சுமந்துவரும் மாறுமின்னோட்டத்தை மட்டும் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது இன்னொன்று.

இவற்றில் எலக்ட்ரோலிட்டிக் வகைதான் அதிகம் கெடும். அதன் அலுமினிய டப்பாவுக்குள் இரண்டு அலுமினியத் தகடுகளும், நடுவே மின்பகு திரவத்தில் நனைந்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். மின்சாரத்தைத் தடுப்பது அந்தக் காகிதம் அல்ல. ஒரு தகட்டின் மேல் வளர்க்கப்பட்ட ஆக்சைடு படலம். வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் என்ற கணக்கில் வளரும் அந்தப் படலம், 450 வோல்ட் மின்தேக்கியில்கூட ஒரு மைக்ரோமீட்டர் தடிமனை எட்டுவதில்லை. ஆக, இது பாதி மின்னணுப் பாகம், பாதி வேதிப்பொருள். வேதிப்பொருளுக்கு ஆயுள் உண்டு.

முதல் எதிரி வெப்பம். 85 டிகிரி என்று அச்சிட்ட சாதாரண மின்தேக்கிக்கு அந்த வெப்பநிலையில் 2000 மணி நேரம்தான் பல தயாரிப்பாளர்கள் தரும் உத்தரவாதம். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், கூடினால் பாதியாகும். வால்வு ரேடியோவில் கொதிக்கும் வால்வுக்குப் பக்கத்திலேயே இதைப் பொருத்தியிருப்பார்கள். ரப்பர் அடைப்பின் வழியே திரவம் மெல்லக் கசிந்து ஆவியாகும். கொள்ளளவு குறைந்து உள் மின்தடை ஏறும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், முழு அலையையும் திருத்தும் கருவிகளில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் பாட்டுக்கு அடியில் கேட்கத் தொடங்கும்.

பயன்படுத்தாமல் வைத்திருப்பதும் கேடுதான். காரைக்குடி, மானகிரி வட்டாரத்துப் பெரிய வீடுகளில் பல, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கப்படுபவை. 1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய பின் இப்பக்கத்து வீடுகளுக்கு வந்த பெட்டிகள் பிற்காலத்தில் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தன. இன்று அத்தகைய ரேடியோக்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு வருகின்றன. மின்சாரம் ஏறாத காலத்தில் ஆக்சைடு படலம் திரவத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். திடீரென முழு மின்னழுத்தம் பாய்ந்தால் கசிவு மின்னோட்டம் பெருகிச் சூடேறும். வாயு சேர்ந்து டப்பா உப்பும், சமயத்தில் வெடிக்கும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினால் படலம் திரும்ப வளர்வதும் உண்டு. திரவம் வறண்டுபோனதை அப்படி மீட்க முடியாது.

அதைவிட விஷமமானது மெழுகுக் காகித மின்தேக்கி. காகிதம் ஈரத்தை இழுத்துக்கொண்டால், மறிக்க வேண்டிய நேர்மின்னழுத்தம் ஒலிபெருக்கும் வால்வின் கிரிட்டுக்குக் கசியும். வால்வு அளவு மீறி மின்னோட்டத்தை இழுக்கும். கவனிக்காவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். சில ரூபாய்ப் பாகம் வைக்கும் செலவு அது.

உலோகமும் மின்பகு திரவமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஆராயவே காரைக்குடியில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. திரவத்தின் சேர்மானம் தவறினால் என்ன ஆகும் என்பதை உலகம் 2000களின் தொடக்கத்தில் பார்த்தது. நீர் மிகுந்த மலிவான திரவத்தில் அரிப்பைத் தடுக்கும் பொருள் சரியாகச் சேர்க்கப்படாததால் அலுமினியம் அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் வாயு உண்டானது. கணினிப் பலகைகளில் மின்தேக்கிகள் வரிசையாக உப்பின.

பழைய பெட்டி கிடைத்ததும் எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றுவது வீண் வேலை. மைக்கா, செராமிக் வகைகள் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும். எலக்ட்ரோலிட்டிக்கையும் மெழுகுக் காகித வகையையும் மாற்றினாலே போதும். காகிதத்துக்குப் பதில் பாலியெஸ்டர் பிலிம் வகை போடலாம். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வால்வு ரேடியோவின் மின்தேக்கியில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும். மின்தடை ஒன்றின் வழியே அதை வடித்து, மீட்டரில் சரிபார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள்.