கடலுக்கு வேண்டிய வெள்ளம்

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்குப் பெயர் வெள்ளம். 'குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாங்க' என்று கேட்டால் சென்னைக்காரர்கள் மிரண்டு போவார்கள். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையையும் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அதனால் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் மலையாளத்தில் படித்து, வீட்டில் தமிழ் பேசி, இரண்டு மொழியிலும் வெள்ளமே குடிக்கிறார்கள் :-)

அதில் ஒருத்தன், சித்தப்பா மகன், வீட்டில் கடல் தொட்டி வைக்கப் போகிறான். பவளப்பாறை, கோமாளி மீன், நீல விளக்கு என்று பெரிய திட்டம். என்ன ஃபில்டர் வாங்கலாம் என்பதுதான் பேச்சு. அவன் கட்சி இது: "கிணத்து வெள்ளத்துக்கு மீட்டர்ல டிடிஎஸ் அம்பதுகூட காட்டல்ல அண்ணே. பிறகு எதுக்கு மெஷின்?"

நியாயமான கேள்விதான். ஆனால் மனுஷன் குடிக்கத் தண்ணீரைச் சுத்தம் செய்த வரலாறு வேறு, பவளத்துக்காகச் செய்கிற சுத்தம் வேறு. முதலாவது கிருமியோடு நடந்த சண்டை. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் 1804-ல் மணல் வடிகட்டி, அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் 1908-ல் குளோரின், நம் திருவிதாங்கூரில் 1933-ல் அருவிக்கரையில் இருந்து திருவனந்தபுரத்துக்கு வில்லிங்டன் பிரபு திறந்து வைத்த குடிநீர்த் திட்டம்... பிற்பாடு வந்தவற்றுக்கெல்லாம் நோக்கம் காலரா, டைஃபாய்டு வராமல் இருப்பது. தண்ணீரில் கரைந்து கிடக்கும் உப்புகளைப் பற்றி அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை இருக்கலாம். பவளம் வளர்ப்பவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கைப் பார்த்தாலே யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

கரைந்ததைப் பிரிக்கும் வேலை வெகு தாமதமாகத்தான் கைகூடியது. 1950-களில் ஃப்ளோரிடாவில் ரீட் என்பவர் செல்லுலோஸ் அசிடேட் தாள் உப்பைத் தடுக்கும் என்று கண்டுபிடித்தார். ஆனால் தண்ணீர் சொட்டு சொட்டாகத்தான் வந்தது, ஒன்றுக்கும் உதவாது. 1960 வாக்கில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்ற இருவர், மேலே மிக மெல்லிய தோலும் கீழே பஞ்சு போன்ற அடியும் உள்ள ஜவ்வைச் செய்தார்கள். உப்பும் நின்றது, தண்ணீரும் தாராளமாக ஓடியது. ஆர்.ஓ. என்று இன்று நாம் சொல்வதெல்லாம் அங்கிருந்துதான். (சௌரிராஜன் என்றதும் திருக்கண்ணபுரத்துப் பெருமாள்தான் நினைவுக்கு வருகிறார். நம் வீட்டுச் சமையலறை எல்லாவற்றிலும் இந்த மனிதரின் உழைப்பு தொங்குகிறது, பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?) 1965-ல் கோலிங்கா என்ற சிற்றூரில் முதல் ஆர்.ஓ. நிலையம் ஓடியது. 2010-ல் சென்னைக்கு மீஞ்சூர் வந்தது, தினம் 10 கோடி லிட்டர்.

கடலைக் குடிநீர் ஆக்கத்தான் அவர்கள் மெனக்கெட்டார்கள். கடல் தொட்டிக்காரன் குடிநீரை அதே ஜவ்வில் விட்டு, வந்த தண்ணீரில் திரும்பவும் உப்பைக் கொட்டிக் கடலாக்குகிறான்!

இன்று கடையில் கிடைக்கும் ஜவ்வு செல்லுலோஸ் அல்ல, பாலிஅமைடு. 1970-களின் பிற்பகுதியில் ஜான் கடோட் கொண்டு வந்தது. இன்னும் நன்றாக வடிக்கும், ஆனால் குளோரின் பட்டால் கெட்டுப் போகும். அதனால் முன்னால் ஒரு கரி வடிகட்டி கட்டாயம். நல்ல கரி நம் தேங்காய்ச் சிரட்டையில் இருந்துதான் வருகிறது. முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிக்கு அமெரிக்கர்கள் தேடி அலைந்ததும் சிரட்டைக் கரியைத்தான். ஜவ்வுக்குப் பின்னால் வரும் நான்காவது குப்பி, ரெசின். 1850-ல் தாம்ப்சன், வே என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் மண்ணில் அம்மோனியாவை ஊற்றினால் அது அங்கே தங்கிவிட்டு, பதிலுக்குச் சுண்ணாம்புச் சத்து வெளியேறுவதைப் பார்த்தார்கள். 1935-ல் ஆடம்ஸ், ஹோம்ஸ் இருவரும் அதையே செயற்கைப் பிசினில் செய்து காட்டினார்கள்.

சரி, பாறசாலைக் கிணற்றுக்கு வருவோம். அந்தப் பக்கமெல்லாம் வெட்டுக்கல் மண். மழையில் கழுவிக் கழுவி உப்பெல்லாம் போய்விட்டது. அதனால் வெள்ளம் மென்மை, லேசான புளிப்பு, டிடிஎஸ் குறைவு. ஆனால் டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு என்றுதான் சொல்லும், என்ன என்று சொல்லாது. அந்த ஐம்பதில் இருபது பக்கத்துக் கக்கூஸ் குழியில் இருந்து வந்த நைட்ரேட்டாக இருக்கலாம். பாசி பிடிக்க அது தாராளம். இரும்புக் கறை படியும் கிணறு என்றால் ஜவ்வும் சீக்கிரம் அடைக்கும்.

இன்னொன்று, கடைக்காரர்கள் சொல்லாதது. புளித்த கிணற்று நீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். ஆர்.ஓ. ஜவ்வு வாயுவைத் தடுக்காது. அது நேராகப் போய் ரெசினைத் தின்று தீர்க்கும். டிடிஎஸ் குறைவாயிற்றே, ரெசின் வருஷக்கணக்கில் வரும் என்று நினைத்தவன் சில மாதத்திலேயே கடைக்கு ஓடுவான். இறைத்த வெள்ளத்தைத் தொட்டியில் ஊற்றி, ஒரு நாள் காற்றுக் குமிழி விட்டு, பிறகு ஃபில்டருக்கு அனுப்பினால் பாதித் தொல்லை தீரும்.

ஆனால் நான் அவனுக்கு முதலில் சொன்னது ஃபில்டரைப் பற்றி அல்ல, சட்டத்தைப் பற்றி. 2001-ல் இருந்து பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் உடைத்ததை யாராவது நைசாக விற்க வந்தால் வாங்குபவனும் மாட்டுவான். மீன் மட்டும் என்றால் சிக்கல் குறைவு. அதே நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், ஆய் மன்னர்களின் பழைய துறைமுகமான விழிஞத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. கோமாளி மீனைக் கடலில் பிடிக்காமல் குஞ்சு பொரிக்க வைத்த ஆட்கள் அவர்கள். பார்வைக்கு மீன்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள்.

மீன் மட்டும் என்றால் ரெசின் குப்பி ஆடம்பரம்தான். வண்டல், கரி, ஜவ்வு, மூன்று போதும். ரெசினுக்கு இடம் விட்டு வாங்கிக்கொள், பிறகு மாட்டலாம் என்றேன். ஒரு லிட்டர் நல்ல வெள்ளத்துக்கு மூன்று, நான்கு லிட்டர் வெளியே போகும். ஊற்றுவது மழை பெய்யும் ஊரில், கிணற்றில் உப்பும் கிடையாது. குழாயை வாழை மூட்டுக்கு இழுத்துவிட்டால் போதும்.