இரவுக் காவலில் உணரிகள்: ஜப்பான் கடந்து வந்த பாதை

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ள முதியவர்கள் பலருக்கு இரவு, பகல் வேறுபாடு மங்கிவிடுகிறது. நள்ளிரவில் எழுந்து கழிப்பறையைத் தேடுவதும், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எண்ணிக் கதவைத் திறப்பதும், இருட்டில் தடுக்கி விழுவதும் இந்நோயில் அடிக்கடி நிகழ்பவை. பராமரிப்பவரும் தூங்கியாக வேண்டும். அந்த நேரத்துக்கான காவலாகவே சென்சார் எனப்படும் உணரிகள் வந்தன. முதியோர் தொகை மிகுந்த ஜப்பானில் இவற்றின் வரலாறு தெளிவாகத் தெரிகிறது.

கட்டி வைத்த காலம்

ஜப்பானிய மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இரவில் எழுந்து நடப்பவர்களைக் கட்டிலோடு கட்டி வைப்பது நீண்டகாலம் வழக்கில் இருந்தது. 1998இல் ஃபுகுவோக்கா மாநில மருத்துவமனைகள் சில இவ்வழக்கத்தைக் கைவிடுவதாகக் கூட்டாக அறிவித்தன. 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் இயங்கும் இல்லங்களில், தவிர்க்க முடியாத அவசர நிலை தவிர, கட்டி வைத்தல் தடை செய்யப்பட்டது. முதியவர் வெளியே செல்ல முற்படுவதை அறிந்து ஒலி எழுப்பும் கருவிகளையும் இக்காப்பீட்டின் வழியே குறைந்த செலவில் வாடகைக்குப் பெற முடிந்தது.

இயங்கும் முறை

எளிய வகை, கட்டிலருகே தரையில் விரிக்கும் அழுத்த விரிப்பு. கால் பட்டதும் பராமரிப்பவரின் அறையில் மணி ஒலிக்கும். வாசலில் பொருத்தும் அகச்சிவப்பு உணரி, ஆள் கடப்பதை அறிந்து ஒலி எழுப்பும். பின்னர் வந்த, மெத்தைக்கு அடியில் வைக்கும் உணரிகள் மூச்சு, உடல் அசைவு ஆகியவற்றின் அதிர்வைக் கொண்டு, ஒருவர் உறங்குகிறாரா, எழுந்து அமர்ந்தாரா என்று காட்டுகின்றன. விரிப்பில் கால் பட்ட பிறகு ஓடினால் விழுவதைத் தடுக்க நேரம் போதாமல் போகலாம். எழுந்து அமரும்போதே தெரிந்தால் சில நொடிகள் கூடுதலாகக் கிடைக்கும்.

ஓபு நகர வழக்கு

உணரி இருந்தால் போதுமா என்ற கேள்வியை ஒரு விபத்து நாடு முழுவதும் எழுப்பியது. 2007 டிசம்பர் 7 அன்று ஐச்சி மாநிலம் ஓபு நகரில் மறதிநோய் கொண்ட 91 வயது முதியவர் ஒருவர் வீட்டிலிருந்து வெளியேறி, தண்டவாளத்தில் ரயில் மோதி இறந்தார். இரவில் அவர் வெளியேறினால் மனைவியின் தலைமாட்டில் ஒலிக்கும் மணியைக் குடும்பத்தினர் முன்பே வாசலில் பொருத்தியிருந்தனர். ஆனால், வீட்டோடு சேர்ந்த அலுவலகத்தின் வாயிலில் இருந்த மணி அணைக்கப்பட்டிருந்தது. மாலையில் 85 வயது மனைவி சற்றே கண்ணயர்ந்த வேளையில் அவர் சென்றுவிட்டார்.

ரயில்கள் தாமதமானதால் ஏற்பட்ட இழப்புக்காக ரயில் நிறுவனம் சுமார் 72 லட்சம் யென் கேட்டு வழக்குத் தொடர்ந்தது. 2013இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் மனைவியும் மூத்த மகனும் முழுத் தொகையையும் தர வேண்டும் என்றது. 2014இல் உயர் நீதிமன்றம் மகனை விடுவித்து, மனைவி ஏறத்தாழப் பாதித் தொகை தர உத்தரவிட்டது. 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. மனைவி, மகன் என்ற உறவினாலேயே ஒருவர் சட்டப்படி மேற்பார்வையாளர் ஆகிவிடுவதில்லை என்றும், அவரவர் உடல்நிலை, உடன் வாழும் சூழல், பராமரிப்பின் நிலை ஆகியவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றும் அது விளக்கியது. அந்த மனைவியே கால் நலிவுற்றுப் பிறர் உதவியை நாடும் நிலையில் இருந்தவர்.

ஊர் ஏற்ற பொறுப்பு

தீர்ப்புக்குப் பின் உள்ளாட்சிகள் சில, மறதிநோயர் ஏற்படுத்தும் விபத்துகளுக்குத் தாமே காப்பீடு செய்யத் தொடங்கின. கோபே நகரம் 2019இல் தொடங்கிய திட்டத்துக்கு, வரி செலுத்துவோரிடம் ஆண்டுக்கு 400 யென் கூடுதலாகப் பெறுகிறது. 2024 ஜனவரியில் மறதிநோய்க்கான அடிப்படைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

உணரிகள் மீது விமர்சனமும் உண்டு. மணி ஒலித்ததும் ஓடிவந்து, எழுந்தவரை மீண்டும் படுக்க வைப்பதற்கு மட்டும் பயன்பட்டால், அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுதான் என்கின்றனர் பராமரிப்புத் துறையினர். எழுந்தவருக்குத் தாகமா, வலியா, கழிப்பறைத் தேவையா என்று கேட்டறிய ஒருவர் வர வேண்டும். அப்படி வருபவர் எப்போதும் களைத்துப்போன ஒரே துணைவராக இருக்கக் கூடாது என்பதே ஓபு வழக்கு ஜப்பானுக்குக் கற்பித்த பாடம்.