சாங்ஸ் ஆஃப் ஃபெய்த் (இசைத்தட்டு)

சாங்ஸ் ஆஃப் ஃபெய்த், அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் (1942–2018) முதல் இசைத்தட்டு. டெட்ராய்ட் நகரில் அவருடைய தந்தை போதகராக இருந்த நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில், சபையார் முன்னிலையில் பாடப்பட்டுப் பதிவானது. 1956இல் ஜேவிபி என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. அப்போது பாடகிக்கு வயது 14. பியானோ வாசித்தவரும் அவரே. தலைப்பை 'விசுவாசப் பாடல்கள்' என்று தமிழில் சொல்லலாம். இதில் ஒன்பது தடங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு, ஒரே பாட்டின் முற்பகுதியும் பிற்பகுதியும்.

பின்னாளில் 'சோல் இசையின் அரசி' என்று உலகம் அழைத்த பாடகியின் குழந்தைப் பருவ முயற்சி என்றே இந்தத் தட்டைப் பலர் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். கேட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது. குரல் இளையதுதான், ஆனால் பாடும் முறை முற்றியது.

வீடும் சபையும்

அரீத்தா 1942 மார்ச் 25 அன்று டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் பிறந்தார். தந்தை சி. எல். ஃபிராங்க்ளின் மிசிசிப்பி மாநிலத்துக்காரர். மெம்ஃபிஸ், பஃபலோ நகரங்களில் போதகராக இருந்துவிட்டு, 1946இல் டெட்ராய்ட்டின் நியூ பெத்தேல் சபைக்கு வந்தார். கறுப்பின மக்களின் கடைகளும் இசைக்கூடங்களும் நெருக்கியடித்து நின்ற ஹேஸ்டிங்ஸ் தெருவில் அந்தத் தேவாலயம் இருந்தது. சனிக்கிழமை இரவு ப்ளூஸ் ஒலித்த அதே தெருவில் ஞாயிறு காலை கீர்த்தனை ஒலித்தது. இரண்டையும் கேட்ட காதுகள் பெரும்பாலும் ஒன்றே.

சி. எல். ஃபிராங்க்ளினின் பிரசங்கம் பேச்சாகத் தொடங்கிப் பாட்டாக முடியும். முதலில் வேத வசனத்தை நிதானமாக விளக்குவார். போகப்போகச் சொற்கள் தாளத்துக்குள் வரும், கடைசியில் ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு குரல் ஏறும், சபை ஒவ்வொரு வரிக்கும் மறுமொழி கொடுக்கும். கறுப்பினப் பாப்டிஸ்ட் சபைகளில் இது நெடுநாளாக வந்த மரபு. அதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கியவர் அவர். 'மில்லியன் டாலர் குரல்காரர்' என்பது அவருக்கு வழங்கிய பட்டம். உபாகமம் 32ஆம் அதிகாரத்துக் கழுகு உவமையை வைத்து அவர் செய்த பிரசங்கத்தின் பதிவு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. மகளின் பாட்டைப் புரிந்துகொள்ள அப்பாவின் பிரசங்கத்தைக் கேட்பது நல்லது. பல்லவிக்குத் திரும்பும்போதெல்லாம் ஒரு படி மேலேறி நிற்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

தாய் பார்பராவும் பாடுவார், பியானோ வாசிப்பார். 1948இல் கணவரைப் பிரிந்து பஃபலோவுக்குச் சென்ற அவர், 1952 மார்ச்சில் மாரடைப்பால் இறந்தார். அரீத்தாவுக்குப் பத்து வயது நிறையச் சில வாரங்கள் இருந்தன. அதற்குப் பின் கொஞ்ச காலத்திலேயே சிறுமி தேவாலயத்தில் தனிப்பாட்டுப் பாடத் தொடங்கினார். சபையார் கண்ணில் படவேண்டுமே என்று நாற்காலிமேல் ஏற்றி நிறுத்திப் பாடவைத்தார்களாம். குடும்பத்தைத் தந்தைவழிப் பாட்டி கவனித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்துபோன விருந்தினரில் மஹேலியா ஜாக்சனும் இருந்தார், கிளாரா வார்டும் இருந்தார். கோஸ்பல் எனப்படும் தேவாலயப் பக்தி இசையில் அன்று இவர்களைவிடப் பெரிய பெயர்கள் அதிகம் இல்லை. அத்தை ஒருவரின் அடக்க ஆராதனையில் கிளாரா வார்டு பாடிய வேகத்தில் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்ததைப் பார்த்த நாளில்தான், தானும் பாடகியாவது என்று முடிவு செய்ததாக அரீத்தா பின்னர் சொல்லியிருக்கிறார்.

பியானோ கற்பிக்கத் தந்தை ஓர் ஆசிரியையை அமர்த்தினார். அவர் வரும் நேரம் பார்த்துச் சிறுமி ஒளிந்துகொள்வார். காதால் கேட்டு வாசிப்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பிறகு கோஸ்பல் இசையமைப்பாளர் ஜேம்ஸ் கிளீவ்லாந்து அந்த வீட்டில் தங்கியிருந்த காலத்தில் சுரக்கோவைகளை அவரிடம் கற்றார். தாளில் உள்ள இசைக்குறிப்பை வாசிக்கும் பயிற்சி அவருக்குக் கடைசிவரை பெரிதாக அமையவில்லை. அதனால் நட்டம் ஏதும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

பன்னிரண்டு வயதை ஒட்டித் தந்தையின் பயணக் குழுவில் சேர்ந்தார். போதகர் பெரும்பாலும் விமானத்தில் போவார், பாடகர்கள் காரில் பல நூறு மைல் போவார்கள். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு உணவகமும் தங்கும் விடுதியும் மறுக்கப்பட்ட காலம் அது. 1955 ஜனவரியில், பன்னிரண்டு வயதிலேயே, அவர் ஒரு குழந்தைக்குத் தாயுமானார். பதினான்கு வயதுக் குரலில் கேட்கும் முதிர்ச்சிக்கு இதைக் காரணம் காட்டுவோர் உண்டு. வாழ்க்கையை அப்படி நேரே பாட்டில் கொண்டுபோய்ப் பொருத்துவதை இக்கட்டுரை தவிர்க்கிறது. மேடையில் பழகிய ஆண்டுகளே போதுமான விளக்கம்.

பதிவு

ஜேவிபியின் பெயரில் தட்டை வெளியிட்ட ஜோ வான் பேட்டில், ஹேஸ்டிங்ஸ் தெருவில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர். கடையின் பின்புறத்திலேயே ப்ளூஸ் கலைஞர்களைப் பதிவு செய்தார். ஜான் லீ ஹூக்கர் அங்கே பாடியிருக்கிறார். ஃபிராங்க்ளினின் பிரசங்கங்களைத் தட்டாக்கி விற்றவரும் இவரே. அவை பின்னர் சிகாகோவின் செஸ் நிறுவனம் வழியாக நாடெங்கும் போயின. இப்படி எழுபதுக்கும் மேற்பட்ட பிரசங்கத் தட்டுகள் வெளிவந்தன. ஆக, தேவாலயத்துக்கு ஒலிப்பதிவுக் கருவி வருவது அந்தச் சபைக்குப் புதிதல்ல. பிரசங்கத்தைப் பிடிக்க வந்த கருவி பாட்டையும் பிடித்தது என்று சொல்லலாம்.

பின்னணி இசைக்குழுவோ திரும்பப் பாடித் திருத்தும் வசதியோ கிடையாது. குரல், பியானோ, சபை, அவ்வளவுதான். ஒலித்தரம் சுமார். பியானோ சில இடங்களில் கலங்கி ஒலிக்கிறது. ஆனால் சபையாரின் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஒருவர் ஊக்கம் கொடுக்கிறார், இன்னொருவர் அலறுகிறார், பாடகி அதை வாங்கிக்கொண்டு அடுத்த வரியை நீட்டுகிறார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியிருந்தால் இந்தப் பாட்டுகள் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

பாடல்கள்

தட்டின் மையம் 'பிரீஷியஸ் லார்ட்'. எழுதியவர் தாமஸ் ஏ. டார்சி. ஒரு காலத்தில் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்த ப்ளூஸ்காரர் அவர். 1932இல் செயின்ட் லூயிஸ் நகருக்குக் கூட்டமொன்றில் பாடப் போயிருந்தபோது, சிகாகோவில் மனைவி பிரசவத்தில் இறந்த செய்தி வந்தது. பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துயரத்தில் பிறந்த பாட்டு இது. அரீத்தா பாடியது ஒரு தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்காததால் இரண்டு பகுதிகளாக வந்தது. முற்பகுதியில் அடங்கிப் பாடுபவர், பிற்பகுதியில் சபையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒவ்வொரு முறையும் வேறு சுரத்தில் இறக்குவது, அடிவயிற்றிலிருந்து எழும் கூவல், பாட்டை நிறுத்திவிட்டுப் பேசுவதுபோல் ஒரு வரி என்று அப்பாவின் உத்திகள் அத்தனையும் இங்கே இருக்கின்றன.

'தேர் இஸ் எ ஃபவுன்டன்' வேறு வகை. இங்கிலாந்துக் கவிஞர் வில்லியம் கூப்பர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய ஞானப்பாட்டு இது. தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளின் பாமாலையிலும் இதன் தமிழாக்கம் உண்டு. நம் ஊர் தேவாலயத்தில் இதை ஆர்கன் துணையோடு சீரான நடையில் பாடிப் பழகியவருக்கு, அரீத்தாவின் பாட்டு அதே பாட்டுதானா என்ற ஐயம் வரும். காரணம் இருக்கிறது. பாட்டுப் புத்தகம் கையில் இல்லாத, எழுத்தறிவு மறுக்கப்பட்ட கறுப்பின அடிமைகளின் சபைகளில் மூப்பர் ஒருவர் வரியைச் சொல்லிக்கொடுக்க, சபை அதை மிக மெதுவாக, ஒவ்வோர் அசையையும் பல சுரங்களில் இழைத்துப் பாடியது. தாளக்கட்டு பெயருக்குத்தான். கச்சேரியில் விருத்தம் பாடக் கேட்டவர்களுக்கு இந்த நடை எளிதில் பிடிபடும். சொல் நிற்கும் இடத்தில் சுரம் நடக்கிறது. 'தி டே இஸ் பாஸ்ட் அண்ட் கான்' பாட்டிலும் இதே நடை. அதில் கிளாரா வார்டின் சாயல் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. யாரைப் பார்த்துக் கற்றார் என்பதை மறைக்கும் அவசியம் பதினான்கு வயதில் இல்லை.

ஜேம்ஸ் சி. மூர் எழுதிய 'நெவர் க்ரோ ஓல்ட்' மறுமையைப் பற்றியது. மூப்பே இல்லாத நாட்டைப் பாடும் இந்தப் பாட்டைச் சிறுமி ஒருத்தி பாடுவதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் தட்டில் மிகவும் அமைதியாக நிற்பது இதுதான். இது தனித் தட்டாகவும் வந்தது, மறுபக்கத்தில் 'யூ க்ரோ க்ளோசர்'. மற்ற மூன்று பாட்டுகளில் 'யீல்டு நாட் டு டெம்ப்டேஷன்' 19ஆம் நூற்றாண்டு ஞாயிறு பள்ளிப் பாட்டு. பாவச் சோதனைக்கு இணங்காதே என்ற அறிவுரை. தட்டின் இலேசான பகுதி.

பின்னர்

வெளிவந்த நாளில் தட்டு ஹேஸ்டிங்ஸ் தெருவிலும் கோஸ்பல் வட்டாரத்திலும் விற்றதே தவிர, வெளியே அதிகம் பரவவில்லை. 1960இல் இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்டின் முயற்சியில் அரீத்தா கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்து ஜாஸும் பாப்பும் பாடப் போனார். அப்பா தடுக்கவில்லை. தேவாலயத்தை விட்டு உலகப் பாட்டுக்குப் போனதாகச் சபைக்குள் முணுமுணுப்பு எழுந்தது. செஸ் நிறுவனத்தின் கிளையான செக்கர் 1960களின் நடுவில், 'தி கோஸ்பல் சோல் ஆஃப் அரீத்தா ஃபிராங்க்ளின்' என்ற பெயரில் பழைய பதிவை மறுபடி வெளியிட்டது. அதன் பின்னும் பல பெயர்களில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரே பதிவை நான்கு பெயரில் வாங்கிவிட்டு ஏமாந்த சேகரிப்பாளர்களுக்குக் குறைவில்லை.

பதிவு நடந்த சூழல் நிலைக்கவில்லை. விரைவுச்சாலைக்காக ஹேஸ்டிங்ஸ் தெரு இடிக்கப்பட்டது. ஜோ வான் பேட்டிலின் கடை 12ஆம் தெருவுக்கு மாறி, 1967 டெட்ராய்ட் கலவரத்தில் அழிந்தது. நியூ பெத்தேல் சபை 1963இல் லின்வுட் சாலையில் பழைய திரையரங்கக் கட்டடம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது.

கொலம்பியாவில் ஆறு ஆண்டுகள் அரைகுறை வெற்றியோடு கழிந்தபின், 1967இல் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் அரீத்தாவை மறுபடியும் பியானோ முன் உட்காரவைத்துப் பாடச் சொன்னார். உலகப் புகழ் அங்கிருந்து தொடங்கியது. அந்தத் தட்டுகளையும் 1956 பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், மாறியது பாட்டின் பொருளே தவிர முறையல்ல என்பது விளங்கும். கடவுளை அழைத்த குரல் காதலனை அழைக்கிறது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவு ஆராதனையில் அவர் பாடியது 'பிரீஷியஸ் லார்ட்'.

1972 ஜனவரி 13, 14 தேதிகளில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயத்தில், ஜேம்ஸ் கிளீவ்லாந்தும் ஒரு பாடகர் குழுவும் துணை நிற்க, 'அமேசிங் கிரேஸ்' என்ற இரட்டைத் தட்டைப் பதிவு செய்தார். அவருடைய தட்டுகளில் மிக அதிகமாக விற்றது அதுவே. 'நெவர் க்ரோ ஓல்ட்' அதில் மறுபடியும் வருகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் வெளியான அந்த நிகழ்ச்சியின் திரைப்படத்தில், இரண்டாம் இரவு கிளாரா வார்டு கூட்டத்தில் அமர்ந்திருப்பதைப் பார்க்கலாம். மகள் பியானோவில் அமர்ந்து அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது சி. எல். ஃபிராங்க்ளின் எழுந்து போய் அவர் முகத்து வேர்வையைத் துடைத்துவிடுகிறார். பாட்டு நிற்கவில்லை.