பள்ளி ஆசிரியர் படித்த பாரசீகக் கல்

1802 கோடையில் கோட்டிங்கன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் நண்பரோடு பந்தயம் கட்டினார். ஓர் எழுத்துக்குக்கூட ஒலி தெரியாத, மொழியும் இன்னதென்று உறுதிப்படாத ஒரு பழங்கல்வெட்டைத் தன்னால் படித்துவிட முடியும் என்றார். நண்பர் ஃபியோரில்லோ அவ்வூர் நூலகத்தின் செயலாளர். ஆசிரியரின் பெயர் கேயோர்க் ஃபிரீடரிஷ் குரோட்டஃபென்ட், வயது 27. பாரசீகமோ சம்ஸ்கிருதமோ அவர் முறையாகக் கற்றதில்லை. அவர் சோறு கிரேக்கத்திலும் லத்தீனிலும் இருந்தது. ஆனாலும் செப்டம்பருக்குள் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார்.

செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன் அவர். 1775-இல் ஹனோவர் நாட்டு முண்டன் என்ற சிற்றூரில் பிறந்து, கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்தார். அக்காலத்தின் பெரிய கிரேக்க அறிஞரான ஹைனேயின் சிபாரிசில் 1797-இல் அந்நகரப் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. எல்லா நாட்டாரும் படிக்கக்கூடிய பொது எழுத்து ஒன்று சாத்தியமா என்று 1799-இல் லத்தீனில் ஒரு நூலும் எழுதியிருந்தார். புதிர் என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது.

புதிர் வந்தது ஈரானிலிருந்து. அலெக்சாந்தர் கொளுத்திய பெர்செபோலிஸ் அரண்மனையின் சுவர்களில் ஆப்பு ஆப்பாய்ச் செதுக்கிய குறிகள் இருந்தன. அவை எழுத்தே அல்ல, வெறும் அலங்காரம் என்று சொன்னவர்களும் உண்டு. டென்மார்க் மன்னர் அனுப்பிய ஆய்வுக்குழுவில் மற்றவர்களெல்லாம் நோயில் மாண்டுபோக, தனி ஆளாய் மிஞ்சிய கார்ஸ்டன் நீபூர், 1765-இல் அங்கே வாரக்கணக்கில் வெயிலில் நின்று கல்வெட்டுகளைப் படியெடுத்தார். ஒரே இடத்தில் மூன்று வகை எழுத்து இருப்பதையும், அவற்றில் எளிய வகைக்கு நாற்பதை ஒட்டியே குறிகள் இருப்பதையும், வரிகள் இடமிருந்து வலமாக ஓடுவதையும் கண்டுசொன்னவர் அவர்தான். இந்தப் படிகள் இல்லாவிட்டால் குரோட்டஃபென்ட் என்ற பெயரே நமக்குத் தெரிந்திராது.

இடையிடையே வரும் ஒற்றைச் சாய்வு ஆப்பு, சொற்களைப் பிரிக்கும் குறி என்று வேறு இருவர் கண்டுபிடித்திருந்தார்கள். கோபன்ஹேகனின் முன்டர், அடிக்கடி வரும் ஒரு சொல் 'அரசன்' ஆகலாம் என்று ஊகித்தார். பாரிஸில் சில்வெஸ்டர் த சசி, பல நூற்றாண்டு பிந்திய சாசானிய மன்னர்களின் கல்வெட்டுகளைப் படித்து, அவற்றின் வாய்பாட்டை வெளியிட்டிருந்தார்: இன்னார், பேரரசர், அரசர்க்கரசர், இன்னாரின் மகன்.

குரோட்டஃபென்ட் இந்த வாய்பாட்டைப் பெர்செபோலிஸ் கல்லின் மேல் வைத்துப் பார்த்தார். பரம்பரை பரம்பரையாக வந்த மெய்க்கீர்த்தி நடை எளிதில் மாறாது என்பது அவர் கணக்கு. நீபூரின் படிகளில் இரண்டை எடுத்துக்கொண்டார். ஒன்றில் தலைப்பில் நின்ற பெயர், மற்றதில் தந்தையின் பெயராக, 'அரசன்' என்ற சொல்லோடு வந்தது. ஆனால் முதல் கல்வெட்டில் தந்தையின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் இல்லை. ஆக, தாத்தா அரசர் அல்ல. மகனும் பேரனும் அரசர்கள்.

இங்கேதான் கிரேக்கம் சொல்லிக்கொடுத்த பழக்கம் கைகொடுத்தது. பாரசீக அரச வம்சம் ஹெரோடோட்டஸின் நூலில் வரிசையாக இருக்கிறது. சைரஸும் கேம்பைசிஸும் ஆக முடியாது. அவர்களானால் தந்தை, மகன் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும். அர்த்தசெர்க்சஸ் என்ற பெயர் இந்த இடத்துக்கு மிக நீளம். மிஞ்சியது ஒரே குடும்பம்: அரசராகாத ஹிஸ்டாஸ்பஸ், அவர் மகன் தாரியஸ், பேரன் செர்க்சஸ். எழுத்துகளை எண்ணிப் பொருத்தினார். பொருந்தின. கிரேக்கர் வாயில் சிதைந்த வடிவங்களை விட்டு, பழைய ஈரானிய மறைநூலான அவெஸ்தாவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து பெயர்களின் ஈரானிய வடிவங்களைத் தேடி எடுத்துக்கொண்டார். தெரிந்த மொழி ஒன்று சேர்ந்த இருமொழிக் கல்வெட்டு எதுவும் கையில் இல்லாமல், தர்க்கத்தை மட்டும் கொண்டு மூடிய கதவைத் திறந்த வேலை இது. இருபது ஆண்டு கழித்து ஷாம்போலியன் எகிப்திய எழுத்தைப் படித்தபோது அவருக்கு ரொசெட்டாக் கல்லில் கிரேக்கம் துணைக்கு இருந்தது.

1802 செப்டம்பர் 4 அன்று கோட்டிங்கன் அறிவியல் கழகத்துக்கு இந்தச் செய்தி போயிற்று. கழகம் கட்டுரையை முழுமையாக அச்சிடவில்லை. கீழ்த்திசை மொழி அறியாத ஒரு பள்ளி வாத்தியாரின் சொல்லை எப்படி நம்புவது என்ற தயக்கம்தான் அதில் தெரிகிறது. த சசி மறு ஆண்டே இதைப் பாரிஸில் எடுத்துச் சொன்னார். நண்பர் ஹீரன் 1805-இல் தன் வரலாற்று நூலின் பின்னிணைப்பில் இடம் கொடுத்தார். மூலக் கட்டுரைகள் கோட்டிங்கனில் அச்சேறியது 1893-இல், ஆசிரியர் இறந்து நாற்பது ஆண்டு ஆன பின்பு.

ஆனால் கழகத்தின் சந்தேகம் முழுக்க அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. மூன்று பெயர்களைத் தாண்டி அவரால் வெகுதூரம் போக முடியவில்லை. பல எழுத்துகளுக்குத் தவறான ஒலி கொடுத்திருந்தார். அந்த ஆப்பெழுத்து பாதி அசையெழுத்து என்பதும் அவருக்குப் பிடிபடவில்லை. 'அரசர்க்கரசர்' என்ற தொடரின் விகுதியில், 'தேவானாம்பிரிய' என்ற அசோகரின் பட்டத்தில் வரும் அதே 'ஆனாம்' இருப்பதை 1826-இல் டேனிஷ் அறிஞர் ராஸ்க் கண்டார். உறவுமொழிகளை அறிந்தவர் கண்ணுக்குத்தான் அது படும். பிறகு பியூர்னுஃபும் லாசனும் 1836-இல் எழுத்துப் பட்டியலைப் பெரும்பாலும் சீராக்கினார்கள்.

குரோட்டஃபென்டின் ஊகத்துக்கு முதல் சாட்சி எகிப்திலிருந்து கிடைத்தது. பாரிஸிலிருந்த ஒரு கல் ஜாடியில் ஆப்பெழுத்தும் எகிப்திய எழுத்தும் சேர்ந்து இருந்தன. ஷாம்போலியன் எகிப்தியப் பகுதியைப் படித்தார்: செர்க்சஸ்.

குரோட்டஃபென்டோ அதற்குள் முழுநேரப் பள்ளிக்காரராகிவிட்டார். 1803-இல் ஃபிராங்ஃபர்ட் போனார். 1821-இல் ஹனோவர் பள்ளிக்கு இயக்குநரானார். வெங்க் என்பவரின் லத்தீன் இலக்கணத்தைத் திருத்தி இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இத்தாலியின் பழைய அம்பிரிய, ஆஸ்கன் மொழிகளைப் பற்றியும் எழுதினார். ஒருமுறை சறுக்கியும் விழுந்தார். போர்ச்சுகல் மடம் ஒன்றில் பழைய ஃபினீசிய வரலாற்றின் கிரேக்கப் பிரதி கிடைத்ததாக வாகன்ஃபெல்ட் என்ற இளைஞர் கிளப்பிய கதையை நம்பி, 1836-இல் வெளிவந்த நூலுக்கு முன்னுரை கொடுத்தார். கதை கட்டுக்கதை என்று விரைவிலேயே வெளிச்சமாயிற்று.

முந்திய ஆண்டு ஈரானில், ஹமதான் அருகே மலைப்பாறையில் இருந்த இரண்டு கல்வெட்டுகளை ராலின்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெர்மானியரின் வேலையை விவரமாக அறியாமலேயே, ஏறக்குறைய அதே வழியில் அதே மூன்று பெயர்களுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து பெஹிஸ்தூன் மலைக்குப் போய், தாரியஸ் தன் வம்சத்தை வாய்விட்டுச் சொல்லும் நெடுங்கல்வெட்டைப் பிரதியெடுத்தார். அதன் மொழிபெயர்ப்பு 1847-இல் லண்டனில் வெளிவந்தபோது குரோட்டஃபென்டுக்கு வயது 72. ஹனோவர் பள்ளியின் இயக்குநர் நாற்காலியிலிருந்து ஓய்வு பெற அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி இருந்தது.