குறை யாரிடம்?

பாலின் நிறம் வெண்மை. பாலைப் பற்றி ஒரு காலத்தில் பரப்பப்பட்ட கதையிலோ கறை உண்டு. பாலை நிரம்ப அருந்தும் இனத்தார் பாராளப் பிறந்தவர், அருந்தாதார் பின்தங்கிக் கிடப்பவர் என்ற கருத்து, அறிவியலின் பெயரால் நூலேறிற்று; நூலேறியதால் நம்பவும் பட்டது. அந்தக் கருத்து எழுந்த கதையையும் வீழ்ந்த கதையையும் பகுத்தறிவு நாடும் எவரும் அறிந்திருத்தல் நலம்.

அமெரிக்க நாட்டின் பால்ட்டிமோர் நகரிலே, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலே, 1917-ஆம் ஆண்டு ஆசிரியராக வந்து அமர்ந்தார் எல்மர் மெக்காலம். பேரறிஞர், அதில் ஐயமில்லை. இன்று வைட்டமின் ஏ எனப்படும் பொருள் பாற்கொழுப்பில் உண்டென 1913-இல் வெளியிட்டோருள் அவரும் ஒருவர். ஆனால் 1918-இல் அவர் எழுதிய ஊட்டவியல் நூல் எலிக்கூண்டின் எல்லையைக் கடந்தது. சீனரும் சப்பானியரும் வெப்ப நாட்டு மக்களும் இலையையும் தானியத்தையும் நம்பியவர். மேலை நாட்டாரோ பாலை நம்பியவர். ஆகவே மேலை நாட்டார் உடலால் உயர்ந்தனர், கலையிலும் அறிவியலிலும் ஓங்கினர் என்ற முடிவுக்கு வந்தது அந்நூல்.

வெள்ளையர் ஆட்சி உலகெங்கும் விரிந்தது எதனால்? கப்பலால், பீரங்கியால், வாணிகச் சூழ்ச்சியால். பீரங்கி செய்த வேலையைப் பாற்குவளையின் கணக்கிலே எழுதிவிட்டார் அறிஞர்! அறிவுடையோரும் தம் காலத்து ஆணவத்திற்கு ஆட்படுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஏறத்தாழ அரை நூற்றாண்டு உருண்டது. அதே பால்ட்டிமோர், அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ். குவாட்ரகாசஸ், லாக்வுட், கால்டுவெல் என்னும் மூவர் 1965-இல், பேலஸ், ரோசன்ஸ்வைக் என்னும் இருவர் 1966-இல், தம் ஆய்வுகளை மருத்துவ ஏடுகளில் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது யாது?

பாலிலே உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். சிறுகுடலிலே சுரக்கும் லாக்டேஸ் என்னும் நொதி அதனை இரு கூறாகப் பிளந்தால்தான் அது குருதியிற் கலக்கும். பிளவுபடாத சர்க்கரை பெருங்குடலைச் சென்றடையும்; அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்யும்; வயிறு உப்பும், வலிக்கும், கழிச்சலும் காணும். இந்த நொதி வளர்ந்தோரிடம் எந்த அளவில் உள்ளது என்று ஆராய்ந்தபோது, கறுப்பினத்தாருள் நூற்றுக்கு 70 பேரளவில் அது குறைந்திருந்தது. வெள்ளையருள் குறைந்திருந்தோர் சிலரே. நலமாக நடமாடும் மனிதர்கள்! நோயென்று சொல்ல ஏதுமில்லாதவர்கள்! ஆயினும் அவர்கள் நிலைக்கு மருத்துவம் இட்ட பெயர் ‘லாக்டேஸ் குறைபாடு’.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஆய்வு நாடுதோறும் நடந்தது. கிழக்கு ஆசியரிடம் சோதித்தனர்; பெரும்பாலோர்க்கு அந்நொதி குறைவு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையினரிடமும் அமெரிக்கப் பழங்குடியினரிடமும் சோதித்தனர், அங்கும் அப்படியே. கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, உலகில் வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்நிலையினரே என்பது புலனாயிற்று. பசுவின் கன்றும் ஆட்டின் குட்டியும்கூடப் பால்குடி மறந்தபின் அந்நொதியைக் குறைத்துக்கொள்கின்றன. பாலூட்டி உயிர்கட்கெல்லாம் பொதுவான நியதி அது. பெரும்பாலோரின் இயல்பு குறையாம்! சிலரின் விதிவிலக்கு நிறைவாம்! இதுவோ நியாயம்?

இந்த முடிச்சை அவிழ்க்கும் நூலிழை 2002-இல் பின்லாந்திலே கிட்டியது. மரபணுவில் ஓரெழுத்து மாறியிருப்போர்க்கு, வளர்ந்த பின்னும் நொதி சுரப்பது நிற்பதில்லை என அந்நாட்டு ஆய்வாளர் கண்டனர். வட ஐரோப்பியரிடம் மிகுந்திருப்பது அம்மாற்றமே. அப்படியானால் அது வெள்ளையர்க்கே உரிய வரமோ? 2007-இல் சாரா திஷ்காப் குழுவினர் விடை தந்தனர். கென்யா, தான்சானியா, சூடான் நாடுகளில் மாடு மேய்க்கும் கறுப்பின மக்களிடம், வேறு எழுத்து மாற்றங்கள் தனியே தோன்றி அதே பயனைத் தருகின்றன! இந்தியாவிலோ வடமேற்கில் இத்தன்மை மிகுதி. தெற்கிலும் கிழக்கிலும் குறைவு. தோலின் நிறமன்று, தொழுவத்தின் வரலாறே இதனை வகுத்தது. கால்நடையோடு வாழ்ந்த மக்களிடையே, பலநூறு தலைமுறைகளில், இயற்கை பதித்த தழும்பு இது.

நொதி குறைந்த மக்கள் பாலின் பயனை இழந்தனரோ? இல்லை. மங்கோலியர் பெரும்பாலோர்க்கு அந்நொதி குறைவு; ஆயினும் குதிரைப் பாலைப் புளிக்கவைத்துப் பருகி வாழ்ந்தனர். தயிரும் மோரும் உண்ணும் நம் வழக்கத்தின் நுட்பமும் அதுவே. நுண்ணுயிர்கள் சர்க்கரையில் ஒரு பங்கை முன்னரே உண்டுவிடுகின்றன. நொதி குறைந்தோரிலும் பலர் ஒரு குவளைப் பாலைத் துன்பமின்றித் தாங்குவர். ஆகவே பாலைப் பழிப்பதன்று நம் நோக்கம்.

நம் நோக்கம் வேறு. ஓரினத்தாரின் உடலையே உலகின் அளவுகோலாக்கினால் விளைவது என்ன? பள்ளியிலே வழங்கும் பால் கறுப்பினக் குழந்தைகட்கு நன்மையா தீமையா என்று 1972-இல் மருத்துவர்களே கேட்க நேர்ந்தது. எல்லார்க்கும் பால் தேவை என்று கலிபோர்னியப் பால் உற்பத்தியாளர் வாரியம் செய்த விளம்பரம் உண்மைக்கு மாறானது என, 1974-இல் அமெரிக்க அரசின் வாணிக ஆணையமே வழக்குரைத்தது. ஏட்டிலே எழுதிய ஆணவம், குழந்தையின் குடல்வரை சென்று சேர்ந்த கதை இது!

இன்று அறிவியலார் ‘குறைபாடு’ என்ற சொல்லை மெல்லக் கைவிட்டு, ‘லாக்டேஸ் நீடியாமை’ என்கின்றனர். சொல்தானே மாறியது எனச் சிலர் நகைக்கலாம். பிறப்பிலே உயர்வு தாழ்வு கற்பித்த ஒவ்வொரு கொடுமையும் ஒரு பெயரிலிருந்துதான் தொடங்கிற்று என்பதை நாம் அறிவோம். ஒருவரைக் குறையுடையார் என்று எவரேனும் சுட்டும்போது, அந்த விரலுக்குரியவர் தம்மையே அளவுகோலாக்கிக் கொண்டாரோ என்று கேட்போம். பால்ட்டிமோரில் எழுந்த பொய்யைப் பால்ட்டிமோரிலேயே வீழ்த்தியது அத்தகைய கேள்வியே.