பதுளை மேல்மாடியும் அப்புத்தளை லயக் காம்பராவும்

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,430 மீற்றரில். நூறு மீற்றர் ஏறினால் 0.65 பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒரே மாவட்டத்து இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஐந்து பாகை வித்தியாசம். பதுளைக்காரர் ஏப்ரல் மத்தியானத்தில் காற்றுக்குத் தவிக்கிறார். அப்புத்தளைத் தோட்டத்துக்காரர் ஜனவரி விடியலில் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறார். அவர் குளிர்த்தவும் இவர் சூடாக்கவும் ஸ்ப்ளிட் ஏசி வாங்கக் கடைக்குப் போனால் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “ரூம் எத்தனை அடி?” பத்துக்குப் பன்னிரண்டு என்றால் 9,000 பீ.ரீ.யூ., கொஞ்சம் பெரிதென்றால் 12,000.

தரையின் சதுர அடியை வைத்து மெஷினின் அளவைத் தீர்மானிக்கும் இந்த வழக்கம் ஊவா மாகாணத்துக்கு ஒத்துவராது என்பதே என் கட்சி. இங்கே முதலில் அளக்க வேண்டியது கூரையை.

பீ.ரீ.யூ. என்பது ஒரு மணி நேரத்தில் மெஷின் இடம் மாற்றும் வெப்பத்தின் அளவு. 12,000 பீ.ரீ.யூ.வைத்தான் ஒரு தொன் என்கிறோம். அது சுமார் 3.5 கிலோவாட். அறைக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது, அல்லது அறையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதற்கு ஏற்றபடி மெஷின் இருந்தால் போதும்.

பதுளை நகரில் இரண்டு தட்டு வீடொன்றை எடுத்துக்கொள்வோம். கீழேயும் மேலேயும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் ஒவ்வொரு படுக்கையறை. கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மேல் அறையின் கொங்கிரீட் தட்டு பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவு பத்து மணிக்கும் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். தட்டின் மேற்பரப்பு 50 பாகைக்குப் போகும் ஒரு மத்தியானத்தில் அந்தக் கூரை வழியாக மட்டும் ஒரு கிலோவாட்டுக்கு மேல் உள்ளே இறங்கும் என்று கணக்கு வருகிறது. கீழ் அறைக்கு அந்தச் சுமை அறவே இல்லை. ஆகவே மேல் அறைக்கு 9,000 தேவை. மேற்குச் சுவரும் வெயிலில் நிற்குமானால் 12,000ஐ யோசிக்கலாம். கீழ் அறைக்கு ஒரு நல்ல மின்விசிறி போதும்.

“பெரிதாக வாங்கினால் நல்லதுதானே” என்பார்கள். நல்லதல்ல. அளவுக்கு மீறிய மெஷின் சில நிமிடங்களில் அறையைக் குளிர்த்துவிட்டு நின்றுவிடும். காற்றில் உள்ள ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் போதாது. பதுளையில் பெருமழை கொட்டுவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. அந்த ஈரத்தில் இப்படி நின்று நின்று ஓடும் மெஷின் உள்ள அறையில் மெத்தை பிசுபிசுக்கும், அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்கும். இன்வேர்ட்டர் வகை வேகத்தைக் குறைத்து ஓடும் என்பதால் இந்தக் குறை ஓரளவு தணியும், முழுதாகத் தீராது. இன்னொன்று: மெஷினில் குறித்திருக்கும் குளிர்த்தும் அளவு, வெளியே 35 பாகை இருக்கும்போது எடுக்கப்படுவது. பதுளையில் அவ்வளவு ஏறுவது அபூர்வம். அதனால் கொழும்புக்குச் சொல்லும் அளவைப் பதுளைக்கு அப்படியே சொல்லத் தேவையில்லை.

இனி அப்புத்தளைக்குப் போவோம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, முதுகோடு முதுகு ஒட்டிய இன்னொரு வரிசை, மேலே தகரம். வானம் தெளிந்த ஜனவரி இரவில் தகரம் வெளிக் காற்றையும் விடக் குளிர்ந்துபோகும். உள்ளே தூங்குபவர்களின் மூச்சும், இராச் சமையலின் ஆவியும் அதன் அடியில் முத்து முத்தாகக் கட்டி நிற்கும். விடியற்காலை அது சொட்டும். பிள்ளையின் போர்வை நனையும். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பழைய உரச்சாக்கைத் திணித்து வைத்திருப்பார்கள். சாக்கை இறுக்கினால் அடுப்புப் புகை உள்ளே தங்கும், எடுத்தால் குளிர் நுழையும்.

இந்தக் காம்பராவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே 10 பாகை, உள்ளே 20 வேண்டும். தகரம் வழியாகப் போவது சுமார் 770 வாட். வெளிப்பக்கம் இருப்பது ஒரே சுவர். அதில் போவது 170. இடுக்குகளால் ஒழுகும் காற்றில் 300. மொத்தம் 1,240 வாட், அதாவது 4,200 பீ.ரீ.யூ. இதில் அறுபது சதவீதத்துக்கு மேல் தலைக்கு மேலேயே போகிறது. பலகையால் ஒரு சீலிங் அடித்து, இடுக்கையும் பாதியாகக் குறைத்தால் மொத்தம் 600 வாட்டில் வந்து நிற்கும். கடையில் கிடைக்கும் சின்ன மெஷினே 9,000 பீ.ரீ.யூ.; தேவையைப் போல நான்கு மடங்கு.

சாதாரண ஹீற்றரில் ஒரு அலகு மின்சாரத்துக்கு ஒரு அலகு வெப்பம்தான். குளிர், சூடு இரண்டும் தரும் ஏசி வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுப்பதால் ஏறத்தாழ மூன்று மடங்கு தரும். எட்டு மணி நேர இரவுக்கு, சீலிங் அடித்த காம்பராவில் ஹீற்றர் என்றால் 4.8 அலகு, ஏசி என்றால் சுமார் 1.6. சீலிங் இல்லாவிட்டால் அந்த ஏசிக்கே 3.3 ஆகும். மாதத்துக்கு நூறு அலகு! கூடக் கூட விலை ஏறும் மின்சாரக் கட்டணத்தில் அது ஒரு தோட்டக் குடும்பம் தாங்கும் செலவல்ல. இங்கே விற்கும் ஏசிகளில் பல குளிர் மட்டும் தருபவை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

அதே மலையில், அதே குளிரில், தோட்டத்துரைமாரின் பங்களாக்களுக்குத் தடித்த சுவர்களும் சீலிங்கும் கணப்பு அடுப்பும் வைத்துக் கட்டினார்கள். கொழுந்து பறித்தவர்களுக்குத் தகரம் மட்டும். பங்களாவில் ஒரு கட்டை விறகு இராமுழுதும் கதகதப்பைத் தாங்கியது. காம்பராவில் ஒரு கட்டு விறகு எரித்தாலும் வெப்பம் தகரத்தைத் தாண்டிப் போய்விடும். புகைதான் உள்ளே நிற்கும். அடைத்த அறைக்குள் விறகோ கரியோ எரிக்கவே கூடாது. அதில் எழும் நச்சு வாயுவுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பழைய லய வயரிங்கில் பெரிய மெஷின் பொருத்துவதும் ஆபத்து. மின்கசிவால் லயங்கள் எரிந்த செய்தி மலையகத்துக்குப் புதிதல்ல.

ஆகவே என் முடிவு இது. பதுளை மேல்மாடிக்கு 9,000 பீ.ரீ.யூ. இன்வேர்ட்டர், அதற்கும் முன்னால் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு. அப்புத்தளைக் காம்பராவுக்கு முதலில் சீலிங். வயரிங் சரியாகி, கையில் காசும் மிஞ்சினால் அப்புறம் மெஷின். தோட்டங்களில் புதிய வீடு கட்டிக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 550 சதுர அடி என்று திட்டம் போடும்போதே, சீலிங்குக்கான செலவையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிவந்த பிறகு அதைச் செய்துகொள்ள அந்தக் குடும்பத்திடம் பணம் இருக்காது.